மரண பயத்தை எதிர்கொண்ட மாணவன்

1896 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மதுரையில் சிறிய தந்தையாரின் வீட்டு மாடியில் தனித்திருந்த 16 வயது மாணவன் வேங்கடராமனை, தான் இறக்கப் போவதான அச்சம் திடீரெனப் பற்றிக் கொண்டது. உடலில் நோய் எதுவும் இருக்கவில்லை. பிற்காலத்தில் ரமண மகரிஷி என உலகம் அறிந்தவர் இவரே.

1879 இல் திருச்சுழியில் பிறந்த அவர், 1892 இல் தந்தையை இழந்து, மதுரைக்கு அனுப்பப்பட்டவர். அச்சம் சூழ்ந்தபோது அவர் எவரையும் அழைக்கவில்லை. பிரேதம் போல் விறைத்துப் படுத்து, உடல் மாய்ந்தால் தானும் மாய்வதுண்டா எனத் தமக்குள் ஆராய்ந்தார். அத்துடன் மரண பயம் அவரை விட்டு நீங்கியது.

ஆயினும் பின்விளைவுகள் இலேசானவையல்ல. படிப்பிலும் நண்பர்களிலும் நாட்டம் அற்றுப் போயிற்று. தமையனார் கடிந்து கொண்டாரேயன்றி, காரணத்தை அறியவில்லை. ஓகஸ்ட் 29 இல், தமையனின் கல்லூரிக் கட்டணப் பணத்தில் 3 ரூபாவை எடுத்துக் கொண்டு வீட்டை விட்டகன்ற அவர், செப்டெம்பர் 1 இல் திருவண்ணாமலையை அடைந்தார். அங்கு பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்து உடல் புண்ணானபோது, பிறரே அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினர். தாயார் அழகம்மாள் மகனை நேரில் கண்டது 1898 இலேயே ஆகும். 1950 ஏப்ரல் 14 இல், புற்றுநோயினால் அவர் காலமானார்.

இத்தகைய அச்சம் ஒரு சமயத்தவருக்கு மட்டும் உரியதன்று. பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி 1095 இல் பக்தாதில் கடும் உள நெருக்கடிக்குள்ளாகி, பேசவும் உண்ணவும் இயலாது வருந்தினார். அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்கள், நோய் உள்ளத்திலிருந்தே உடலுக்குப் பரவியதென உணர்ந்தனர்.

வன்னியில் மரணம் நூல்களில் படித்தறியும் விடயமன்று. 2004 கடற்கோளும் 2009 இறுதிப் போரும் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் சிதைத்தன. 1990 இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் குடும்பங்களும் இழப்பைச் சுமந்தவையே. அவ்வாண்டுகளில் பிறந்திராத பிள்ளைகளும், பெற்றோரின் மௌனத்தினூடாக அவ்வச்சத்தைப் பெறுகின்றனர். உறக்கமின்மை, காரணமற்ற சினம், கல்வியில் திடீர்ச் சரிவு, தனிமையை நாடுதல் என்பன அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

வேங்கடராமனைப் போல் தனித்தே மீண்டு வருவோர் மிக அரிது. ஆகவே, பிள்ளையின் மாற்றத்தைச் சோம்பலென்றோ பிடிவாதமென்றோ கண்டிக்கு முன், பெற்றோரும் ஆசிரியரும் அருகமர்ந்து கேட்க வேண்டும். தேவையேற்படின் உளவளத்துணையை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இதனை எடுத்துரைக்குமாயின், பல இளம் உயிர்கள் ஆறுதல் பெறும் என்பது எமது நம்பிக்கையாகும்.