பாட்டில் தமிழ் பயிற்றியவர்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது பாபநாசம். அங்குள்ள திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உண்டு; 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். பொருளாதாரம் கற்பித்த எனக்கு அவ்வூர் நெடுநாள் அந்தக் களஞ்சியத்தால்தான் நினைவில் இருந்தது. இசை அறிந்தவர்களுக்கோ அது ஒரு மனிதரின் பெயருக்கு முன் நிற்கும் சொல். அவர் அவ்வூரில் பிறந்தவரும் அல்லர்.

இராமையா என்ற இயற்பெயர் கொண்ட பாபநாசம் சிவன், 1890 செப்டம்பர் 26-இல் போலகத்தில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் யோகாம்பாள் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கு மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் பயின்றார் சிவன். கல்லூரி அவருக்குத் தந்தது வடமொழி இலக்கணம். பாட்டுத் தமிழைத் தந்தவை பஜனைகள், குறிப்பாக நீலகண்ட சிவனின் பாடல்கள். பின்னாளில் தமிழ்ப் பாட்டுக்கு இலக்கணமாகக் கருதப்பட்டவர், அம்மொழியைக் காதால் கற்றவர் என்பதை நம் பாடத்திட்டக் குழுக்கள் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1910-இல் தாயார் மறைந்தபின் கோயில் கோயிலாகத் திரிந்து, பாபநாசத்தில் இருந்த தமையனாரிடம் வந்து சேர்ந்தார். உடலெங்கும் திருநீறு பூசிப் பாடிய அந்த இளைஞரைச் சிவன் என்று அழைத்தவர்கள் அருகிலுள்ள கணபதி அக்கிரகாரத்து மக்கள். திருவாரூர்த் திருவிழாக்களில் பாடல்கள் பிறந்தன. கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் இசை அவரைச் செம்மைப்படுத்தியது. 1930-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

மயிலையில் மார்கழி விடியலில் மாடவீதிகளைச் சுற்றி அவர் நடத்திய பஜனையை ஒரு வகுப்பறை என்றே நான் கருதுகிறேன். பின்னால் நடந்த சிறுவர்களுக்கு யாரும் பொருள் சொல்லவில்லை. பாட்டில் வரும் கோபுரம் எதிரே நின்றது. குளம் பக்கத்தில் இருந்தது. கபாலீசுவரரின் வீதியுலாவை அவர் காம்போதியில் பாடியிருக்கிறார். ஆபரணங்களும் மலர்களும் அடியார் கூட்டமும் அதில் வரிசையாக வருகின்றன. அதைக் கற்கும் குழந்தை சொற்களோடு ஒரு திருவிழாவையும் கற்றுக்கொள்கிறது. அடையாறு கலாக்ஷேத்திராவில் அவர் இசை கற்பித்ததும் உண்டு. ஆனால் வீதியில் கற்றவர்களே அதிகம் இருப்பார்கள்.

திரைப்படம் அந்த வகுப்பை இன்னும் விரித்தது. ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ படங்களுக்கு அவர் எழுதிய பாடல்களைத் தியாகராஜ பாகவதர் பாடினார். 1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எழுத்தறிந்தோர் சிறுபான்மையாக இருந்த அந்நாளில், இசைத்தட்டின் வழியே வண்டியோட்டிகளும் அவருடைய சொற்களை வாயில் வைத்திருந்தார்கள். ‘தியாகபூமி’யில் (1939) சம்பு சாஸ்திரியாக நடித்தவரும் அவரே.

கச்சேரி மேடையில் தெலுங்கும் வடமொழியும் கோலோச்சிய காலம் அது. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, தமிழில் பாடத் தரமான கீர்த்தனைகள் உண்டா என்ற கேள்விக்கு அவர் பாடல்கள் ஏற்கெனவே விடையாக இருந்தன. முதல் கீர்த்தனைத் தொகுப்பு 1934-லேயே வந்துவிட்டது. டி.கே. பட்டம்மாள் போன்றோர் அவற்றை மேடைதோறும் கொண்டு சென்றனர்.

அவர் தமிழில் வடசொல் மிகுதி என்பது நியாயமான குறைதான். தனித்தமிழ் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் அவரிடம் போக முடியாது. ஆயினும் ஒரு காலத்துத் தமிழர் பேசிய, வழிபட்ட மொழி அதில் கலையாமல் இருக்கிறது. நம் பள்ளிகளிலோ பாடப்படுவதற்கென்றே எழுந்த தேவாரமும் மதிப்பெண்ணுக்காக, மெட்டு நீக்கி, மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்கப்படுகிறது. தேர்வு முடிந்த வாரமே மறந்தும் போகிறது. வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இதில் நம்மைவிட விவரமானவர்கள். தமிழ் எழுதத் தெரியாத அவர்களது பிள்ளைகள் சிவனின் பாடலை முழுதாகப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள் என்பதும் உண்மை; அங்கேதான் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது.

1971-இல் சங்கீத கலாநிதி, மறு ஆண்டு பத்மபூஷண். 1973 அக்டோபர் 1 அன்று சிவன் காலமானார். பாடல்களோடு அவர் விட்டுச்சென்றவற்றுள், பலரும் அறியாத ஒரு பெரிய வடமொழிச் சொல் அகராதியும் உண்டு.