முகக்கவரி கட்டிய பினாங்கு டாக்டர்



2020 மார்ச் 18ஆம் தேதி நம்ம நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெளியே போகணும்னா முகக்கவரி. மாநிலம் தாண்டணும்னா போலீஸ் அனுமதி. அப்போ நம்மில் பலர் பள்ளி மாணவர்கள். இதெல்லாம் உலகத்துக்கே புதுசுன்னு நினைத்தோம். ஆனால் கிட்டத்தட்ட இதே விதிகளை 110 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்தில் அமல்படுத்தி, ஒரு பெரிய கொள்ளைநோயை நிறுத்தியவர் நம்ம பினாங்கில் பிறந்தவர். அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896ல் குயின்ஸ் உபகாரச் சம்பளம் வாங்கி கேம்பிரிட்ஜ் போனார். மருத்துவப் படிப்பு முடிந்ததும் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல ஆய்வுக்கூடங்களில் கிருமிகளைப் பற்றிக் கற்றார். 1903ல் ஊர் திரும்பி, கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு பினாங்கில் சொந்தக் கிளினிக் திறந்தார்.

அந்தக் காலத்தில் காலனி அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும் பங்கு அபினிலிருந்து வந்தது. வூ அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். 1907ல் அவருடைய கிளினிக்கிலேயே அபின் கலந்த மருந்து இருந்ததாக வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். இளம் டாக்டருக்கு அது பெரிய அவமானம். 1908ல் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, தியென்ஜின் நகரில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகப் போனார்.

இரண்டு வருடம் கழித்து, 1910 கடைசியில், வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ஒரு நோய் பரவியது. காய்ச்சல், இருமல், சளியில் ரத்தம், இரண்டு மூன்று நாளில் மரணம். நோய் வந்தவர்களில் பிழைத்தவர்கள் அநேகமாக யாருமே இல்லை. அரசாங்கம் வூவை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. டிசம்பர் 24ஆம் தேதி, ஒரு மாணவ உதவியாளரோடு போய் இறங்கினார். வயது 31. குளிர் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே. சீன மொழி கூட அவருக்குச் சரளமாக வராது.

பிரேதத்தை அறுப்பது அங்கே பெரும் பாவமாகக் கருதப்பட்டது. ஆனாலும், இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை வூ ரகசியமாகப் பரிசோதித்தார். நுண்ணோக்கியில் தெரிந்தது பிளேக் கிருமி.

இங்கேதான் சிக்கல். பிளேக் என்றால் எலி, எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சி, அது கடித்து மனிதனுக்கு வரும் நெறி. இந்தியாவில் பம்பாயிலும் கராச்சியிலும் பரவிய பிளேக்கை ஆராய்ந்து உலகம் கற்ற பாடம் அது. அது தப்பான பாடமும் இல்லை. ஆனால் ஹார்பினில் இறந்தவர்களுக்கு நெறி கட்டவில்லை, நுரையீரல் கெட்டிருந்தது. வூ வேறொரு முடிவுக்கு வந்தார். இந்தப் பிளேக் மனிதனிடமிருந்து மனிதனுக்கு, இருமும்போது காற்று வழியாகத் தொற்றுகிறது. அப்படின்னா எலியைப் பிடித்து மட்டும் பயனில்லை, மூக்கையும் வாயையும் மூடணும்.

அதற்கு அவர் செய்தது ரொம்ப எளிமையான ஒரு பொருள். காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் முகக்கவரி. பொறியியல் மாணவனான எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும் பொருள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். நல்ல வடிவமைப்புக்கு இதை விட என்ன வேணும்?

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் மெஸ்னி என்ற பிரெஞ்சுக்காரர் அவரை விட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஓர் இளம் ஆசியர் தனக்கு மேலே இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. கோபமாகப் பேசிவிட்டு, முகக்கவரி இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில், 1911 ஜனவரி 11ஆம் தேதி, அதே நோயில் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் முகக்கவரி இல்லாதவர்களைப் பார்ப்பதே அரிதானது.

வூ அடுத்த வேலையைத் தொடங்கினார். சீனர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை. அனுமதி இல்லாமல் பகுதி மாற முடியாது. வீடு வீடாகச் சோதனை. நோயாளியோடு பழகியவர்களைத் தனியாக வைக்க இடம் போதவில்லை. ரஷ்யர்களிடம் சுமார் 120 ரயில் பெட்டிகளைக் கடன் வாங்கி, அதில் தங்க வைத்தார். போக்குவரத்தையும் கட்டுப்படுத்தினார்கள்.

அப்படியும் மரணம் குறையவில்லை. ஒரு நாள் இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தார். நிலம் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் வெளியிலேயே வரிசையாகக் கிடந்தன. அந்தக் குளிரில் கிருமி சாகாது. எரித்துத்தான் ஆகணும்.

நமக்குத் தகனம் பழக்கமான சடங்கு. ஆனால் அன்றைய சீனர்களுக்கு, பெற்றவர்களின் உடலை எரிப்பது மூதாதையருக்குச் செய்யும் துரோகம். வூவும் சீனக் குடும்பத்தில் பிறந்தவர்தானே? தான் என்ன கேட்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் தானே முடிவெடுத்து எரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் போய் நேரில் காட்டினார். அவர்கள் ஆதரவோடு பேரரசுக்கு மனு அனுப்பி, அனுமதிக்காகக் காத்திருந்தார். அனுமதி வந்தது சீனப் புத்தாண்டு நாளில். மறுநாள், ஜனவரி 31ஆம் தேதி, தகனம் ஆரம்பித்தது. அதன் பிறகு மரணங்கள் குறையத் தொடங்கின. மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது.

கோவிட் காலத்தில் சொந்தக்காரர்களின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாமல் வழியனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்த வலி எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். சுகாதாரம் என்பது மருந்து மட்டும் கிடையாது. மக்கள் உயிராக மதிக்கும் ஒன்றை விட்டுத்தரும்படி கேட்க வேண்டியும் வரும். அப்படிக் கேட்பவர் மேல் நம்பிக்கை இருந்தால்தான் ஜனங்கள் தருவார்கள்.

மஞ்சூரியாவில் மொத்தம் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். தடுக்காமல் விட்டிருந்தால் ரயில் பாதை வழியே எங்கெல்லாம் போயிருக்கும்னு யோசித்துப் பாருங்க.

1911 ஏப்ரலில் முக்டென் நகரில் அனைத்துலக பிளேக் மாநாடு நடந்தது. இன்று அந்த ஊரின் பெயர் ஷென்யாங். 11 நாடுகளின் நிபுணர்கள் வந்தார்கள். மஞ்சூரியாவுக்காகப் போட்டி போட்ட ரஷ்யாவும் ஜப்பானும் சீனாவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தன. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோவும் வந்திருந்தார். தலைமை தாங்கியவர் வூ. தான் கண்டது, செய்தது எல்லாவற்றையும் அங்கே திறந்து வைத்தார். ரோமத்துக்காக வேட்டையாடப்படும் தார்பகான் என்ற பெரிய அணில் இனத்திலிருந்து நோய் வந்திருக்கலாம் என்பதும் பேசப்பட்டது.

பேச்சோடு நிற்கவில்லை. 1912ல் வட மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவை உருவானது. வூ அதன் தலைவரானார். 1920-21ல் அதே நோய் திரும்பி வந்தபோது இறந்தவர்கள் சுமார் 9,300 பேர். ஆண்டிபயாடிக் அப்போதும் கிடையாது. முன்பே தயாராக இருந்த ஆட்களும் மருத்துவமனைகளும்தான் வித்தியாசம். 1926ல் நுரையீரல் பிளேக் பற்றி அவர் எழுதிய நூலை நாடுகளின் சங்கமே வெளியிட்டது. அந்தச் சங்கம் செய்த சுகாதாரப் பணியைத்தான் 1948 முதல் உலகச் சுகாதார நிறுவனம் தொடர்கிறது. 1935ல் நோபல் பரிசுக்கு வூவின் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1937ல் போர் வந்தது. வூ சீனாவை விட்டு மலாயாவுக்கே திரும்பினார். உலகம் அறிந்த டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஈப்போவில் ஒரு சாதாரண கிளினிக் திறந்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தார். ஏழைகளிடம் காசு வாங்கவில்லை. கிட்டத்தட்ட 80 வயது வரை வேலை செய்தார். 1960 ஜனவரி 21ஆம் தேதி பினாங்கில் காலமானார்.

மக்கள் சேவையே மகேசன் சேவை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். ஹார்பினில் அவர் காப்பாற்றியவர்கள் அவருடைய சொந்தக்காரர்களோ ஊர்க்காரர்களோ இல்லை. அவர் கற்றதோ ஐரோப்பாவில். நோய் எல்லை பார்த்துப் பரவாது, அதனால் அறிவும் எல்லை பார்க்கக் கூடாது. ஒரு நாடு கண்டதை மற்ற நாடுகளிடம் மறைக்காமல் சொன்னால்தான் எல்லாரும் பிழைக்கலாம். உலகச் சுகாதாரம் என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குப் புரிந்த அர்த்தம் இதுதான்.

ஈப்போவில் ஜாலான் வூ லியன் தே என்று ஒரு சாலை இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், அந்தப் பெயர் யாருடையது என்று கூட வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்க.