இருக்கை இல்லாத பேராசிரியர்

நுழையும்முன்

ஒரு பல்கலைக்கழகத்தின் புகழ் அதன் துறைகளால் வளர்கிறது. துறையின் புகழ் அங்குச் சிந்திப்பவர்களால் வளர்கிறது. ஆனால், யார் உள்ளே வரலாம், யார் கற்பிக்கலாம் என்பதை முடிவு செய்வன விதிகள். விதிகள் அறிவுக்கு வாயிலாகவும் அமையலாம், தாழாகவும் அமையலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் பதவியும் ஊதியமும் இன்றிப் பணியைத் தொடங்கி, கணிதத்தின் போக்கையே மாற்றிய எம்மி நோய்தரின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

கணிதக் குடும்பம்

எம்மி நோய்தர் 1882ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோய்தர் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். வீட்டில் கணிதம் பேசப்பட்டாலும், பெண்ணுக்குரிய கல்வி என்று அன்றைய சமூகம் வகுத்தது வேறு. எம்மி மொழிகளைக் கற்றார். 1900ஆம் ஆண்டு, பெண்கள் பள்ளிகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிப்பதற்கான தேர்வில் வெற்றி பெற்றார்.

நிலையான ஆசிரியப் பணி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அவரோ கணிதத்தைத் தேர்ந்தெடுத்தார். எர்லாங்கன் பல்கலைக்கழகம் அப்போது பெண்களை முறையான மாணவராகச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே இசைவு பெற்று, பார்வையாளராக மட்டுமே அவர் வகுப்பில் அமர முடிந்தது. 1904ஆம் ஆண்டு அத்தடை நீங்கியதும் மாணவராகச் சேர்ந்தார். பால் கோர்டன் என்னும் அறிஞரின் வழிகாட்டுதலில் 1907ஆம் ஆண்டு முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தார். பின்னர் 1915 வரை ஊதியமின்றியே அங்குப் பணியாற்றினார். தந்தை நலிவுற்ற நாள்களில் அவருக்காக வகுப்புகளையும் எடுத்தார்.

கோட்டிங்கனின் அழைப்பு

காஸ், ரீமான் முதலிய மேதைகள் பணியாற்றிய பெருமைக்குரியது கோட்டிங்கன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெலிக்ஸ் கிளைனும் டேவிட் ஹில்பர்ட்டும் அதனை உலகக் கணிதத்தின் தலைமையிடமாக வளர்த்திருந்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு எழுப்பிய கணிதச் சிக்கல்களில் அவர்கள் ஆழ்ந்திருந்த நேரம் அது. அச்சிக்கல்களுக்கு நோய்தரின் புலமை தேவைப்பட்டது. 1915ஆம் ஆண்டு அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர்.

அழைத்த துறைக்கோ அவருக்குப் பதவியளிக்கும் உரிமை இல்லை. கணிதத்துறை அக்காலத்தில் மெய்யியல் புலத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மெய்யியல், வரலாறு, மொழி முதலிய துறைகளின் பேராசிரியர்களும் அப்புலத்தில் அமர்ந்து வாக்களித்தனர். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டுமானால் மற்றுமோர் ஆய்வேட்டை அளித்துப் புலத்தின் ஏற்பைப் பெறுதல் வேண்டும். பெண்களுக்கு அவ்வுரிமையை அன்றைய விதி மறுத்தது. நோய்தருக்கு விலக்கு அளிக்குமாறு கணித அறிஞர்கள் வேண்டினர். இன்று விரிவுரையாளர் ஆகும் பெண் நாளை பேராசிரியராகிப் பல்கலைக்கழகப் பேரவையிலும் அமர்வார் என்று பிற துறையினர் சிலர் அஞ்சினர். அரசின் கல்வி அமைச்சகமும் இசையவில்லை.

ஹில்பர்ட் ஒரு வழி கண்டார். வகுப்புகள் அவர் பெயரில் அறிவிக்கப்பட்டன. உதவியாளர் என்று நோய்தரின் பெயர் இடம்பெற்றது. வகுப்பை நடத்தியவர் நோய்தர். நான்கு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. விதியின் கண்களுக்கு அவர் விரிவுரையாளர் அல்லர். மாணவர்களுக்கோ அவரே ஆசிரியர்.

உலகம் போற்றும் தேற்றம்

இரவல் பெயரில் வகுப்பெடுத்த அக்காலத்திலேயே நோய்தர் தம் புகழ்பெற்ற தேற்றத்தை உருவாக்கினார். 1918ஆம் ஆண்டு கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அது முன்வைக்கப்பட்டது. நோய்தர் கழகத்தின் உறுப்பினர் அல்லர். எனவே, கிளைன் அதனை அவர் சார்பில் அளித்தார். முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனி குடியரசான பின்னர்த் தடை தளர்ந்தது. 1919ஆம் ஆண்டு அத்தேற்றம் அடங்கிய கட்டுரையையே ஆய்வேடாக அளித்து, கற்பிக்கும் உரிமையை நோய்தர் பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

இயற்கையின் விதிகளில் காணப்படும் தொடர்ச்சியான ஒவ்வொரு சமச்சீர்மைக்கும் மாறாத அளவு ஒன்று உண்டு என்பதே நோய்தர் தேற்றத்தின் சாரம். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால் ஆற்றல் மாறாதிருக்கிறது. அவை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதால் நேர்க்கோட்டு உந்தமும், எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதால் கோண உந்தமும் மாறாதிருக்கின்றன.

வளர்ந்தது துறை

1922ஆம் ஆண்டு அவருக்குப் பேராசிரியர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது; அதற்கு ஊதியம் இல்லை. அடுத்த ஆண்டு இயற்கணிதம் கற்பிப்பதற்காகச் சிறு தொகை ஒதுக்கப்பட்டபோது அவருக்கு வயது 41. முழுப் பேராசிரியர் இருக்கை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஆயினும் அத்துறையை நாடி வந்த இளைஞர் பலர் நோய்தரைத் தேடியே வந்தனர். நீண்ட கணக்கீடுகளில் சிக்காமல், எண்களுக்கும் சமன்பாடுகளுக்கும் பின்னால் உள்ள பொதுவான அமைப்புகளை ஆராய அவர் வழிகாட்டினார். வளையங்கள் குறித்து 1921ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை நவீன இயற்கணிதத்தின் அடித்தளமாயிற்று. அவருடைய வகுப்புகள் முன்னரே எழுதி வைத்த குறிப்புகளின் ஒப்பித்தலாக இருந்ததில்லை. அன்றன்று எழும் சிந்தனையை மாணவர் முன்னிலையிலேயே வளர்த்துச் சென்றார். தம் கருத்துகளைப் பிறர் எடுத்து வளர்ப்பதில் மகிழ்ந்தார். நோய்தர், எமில் ஆர்ட்டின் ஆகிய இருவரின் விரிவுரைகளைத் தழுவி வான் டெர் வேர்டன் எழுதிய இயற்கணித நூல், அப்புதிய நெறியை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 1932ஆம் ஆண்டு சூரிச் நகரில் கூடிய பன்னாட்டுக் கணித மாநாட்டின் பேரவையில் உரையாற்றிய முதல் பெண் என்னும் சிறப்பும் அவரைச் சேர்ந்தது.

வெறுமையான துறை

1929ஆம் ஆண்டு கோட்டிங்கன் கணிதத்துறைக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. மெய்யியல் புலத்திலிருந்தும் அத்துறை முன்னரே பிரிந்திருந்தது. இனித் தடையில்லை எனத் தோன்றிய வேளையில் வேறொரு தடை வந்தது. 1933ஆம் ஆண்டு ஆட்சியைப் பிடித்த நாஜிகள் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கச் சட்டம் இயற்றினர். ஏப்ரல் மாதத்தில் நோய்தர் பணியிழந்தார். பெண் என்பதற்காக முன்பு மூடப்பட்ட கதவு, பிறப்பைக் காரணம் காட்டி மீண்டும் மூடப்பட்டது.

நோய்தர் தம் துயரைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். நாஜிப் படைச்சீருடை அணிந்து வந்த மாணவரையும் அவர் விலக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குள் கூரந்த், வெய்ல், லாண்டாவ் முதலிய அறிஞர்களும் துறையை விட்டு நீங்கினர். கட்டடமும் நூலகமும் அப்படியே இருந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்த அறிவு மரபு மட்டும் அங்கிருந்து அகன்றது.

நோய்தர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிரின் மார் கல்லூரியில் சேர்ந்தார். அது பெண்களுக்கான கல்லூரி. பிரின்ஸ்டன் நகரின் உயராய்வு நிறுவனத்திலும் உரையாற்றினார். புதிய வாழ்வு நீடிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமது 53ஆம் வயதில் மறைந்தார். கல்லூரி நூலகத்தின் முற்றத்தைச் சூழ்ந்த நடைபாதையின் கீழே அவருடைய அஸ்தி புதைக்கப்பட்டது. மாணவிகள் நாள்தோறும் நூலோடு நடந்து செல்லும் பாதை அது.

எம்மி நோய்தருக்கு இருக்கை அளிக்கக் கோட்டிங்கன் தயங்கியது; அவர் அளித்த சிந்தனையால் அதே கோட்டிங்கன் புகழ் பெற்றது. தகுதி ஒன்றையே அளவாகக் கொண்டு கதவைத் திறக்கும் நிறுவனம் வளரும். பிறப்பையும் பாலினத்தையும் கேட்டு நிற்கும் நிறுவனம் தன் ஒளியைத் தானே இழக்கும். நாளை ஏதேனும் ஓர் அவையில் அமர்ந்து, யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் பொறுப்பு நமக்கும் வரலாம். அன்று இவ்வாழ்க்கை நம் நினைவுக்கு வருமாயின், அதுவே நோய்தருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.