மண்வெட்டி பிடித்த ஜனாதிபதி மகன்

அவருடைய தந்தை ஒரு நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். அவரோ பெரிய படிப்புப் படித்த இன்ஜினீயர். நினைத்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் மண்வெட்டியைத் தூக்கினார். இடிந்த வீடு எங்கே என்று தேடிப் போனார். எதிரிகளாக இருந்தவர்களையும் கூடவே அழைத்துப் போனார்.

கடைசியில் நமது பீகாருக்கும் வந்து சேர்ந்தார்.

அவர்தான் பியர் செரசோல்.

பணம் வேண்டாம்

சுவிட்சர்லாந்து மலைகள் நிறைந்த சின்னஞ்சிறு நாடு. அங்குள்ள லோசான் நகரில் 1879-ம் ஆண்டு செரசோல் பிறந்தார். அவருடைய தந்தை பால் செரசோல், 1873-ம் ஆண்டில் அந்நாட்டு ஜனாதிபதியாகப் பதவி வகித்தவர்.

செரசோல் இன்ஜினீயரிங் படித்தார். கணிதத்திலும் கெட்டிக்காரர். கல்லூரியில் உயர்ந்த ஆசிரியர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. கப்பல் ஏறி அமெரிக்கா போனார். ஹவாய்த் தீவு, ஜப்பான் என்று சுற்றினார். கூலி வேலையும் பார்த்தார்.

1914-ம் ஆண்டில் அவர் ஊர் திரும்பினார். அந்த ஆண்டில்தான் முதல் உலக யுத்தம் மூண்டது.

தகப்பனார் வழியில் அவருக்குச் சொத்து வந்தது. உழைக்காமல் வந்த பணம் தமக்கு எதற்கு என்று அவர் எண்ணினார். அதை சர்க்காரிடமே கொடுத்துவிட்டார்!

சுவிட்சர்லாந்தில் பட்டாளத்தில் சேராதவர்கள் அதற்குப் பதிலாக வரி கட்டவேண்டும். மனிதனை மனிதன் கொல்வதற்குத் தம் காசு போகக்கூடாது என்று 1917-ல் செரசோல் வரி கட்ட மறுத்தார். அதற்காக சிறைக்குப் போனார். பின்னாளில் பல தடவை அவர் சிறை சென்றார். இது அதற்கு ஆரம்பம்.

எதிரி கட்டிய வீடு

யுத்தம் முடிந்தது. ஹாலந்து நாட்டில், பில்தோவன் என்ற ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் வந்திருந்தார்கள். இனி யுத்தமே கூடாது என்பது அவர்கள் நோக்கம். நாள் முழுவதும் பேச்சு நடந்தது. தீர்மானங்கள் தயாராயின.

அப்போது ஒரு ஜெர்மானியர் எழுந்தார். அவருடைய சகோதரர் வடக்கு பிரான்சில் போரிட்டவர். அங்கு நடந்த அழிவில் தம் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்று அவர் வருந்தினார். அழித்த இடத்தைத் திருப்பிக் கட்ட, தம் கைகளைத் தருவதாகச் சொன்னார்.

செரசோலின் மனதில் அது தைத்தது. பேச்சு போதும், வேலையைத் தொடங்குவோம் என்று புறப்பட்டார்.

அவருக்குத் துணையாக ஒரு குவேக்கர் வந்தார். குவேக்கர் என்பது இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் தோன்றிய கிறிஸ்தவ சபை. அந்த சபையார் ஆயுதம் எடுப்பதில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே பிரான்சுக்குப் போய், வீடிழந்த ஏழைகளுக்கு மர வீடுகள் கட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

பிரான்சில் வெர்டன் நகருக்கு அருகே எஸ்ன் என்று ஒரு கிராமம். 1916-ம் ஆண்டில் மாதக்கணக்கில் அங்கே பீரங்கிகள் முழங்கின. கிராமம் தரைமட்டமானது. வயலெல்லாம் குண்டு விழுந்த பள்ளம்.

1920-ம் ஆண்டு நவம்பர் மாதம். நல்ல குளிர். சுவிஸ்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள் அடங்கிய சின்னக் கூட்டம் அங்கே போய் இறங்கியது. பள்ளங்களை மூடினார்கள். பாதையைச் சீராக்கினார்கள். வீடிழந்தவர்களுக்கு மர வீடுகள் எழுப்பினார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த ஊரில் இருந்தாள். கணவனை இழந்தவளும் இருந்தாள். அவர்கள் கண் முன்னே ஒரு ஜெர்மானியன் சுத்தியலால் ஆணி அடித்துக்கொண்டு நின்றான்!

அதைச் சகிப்பது எளிதா?

ஜெர்மானியர்கள் அங்கே இருப்பது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1921 வசந்த காலத்தில் வேலை பாதியில் நின்றது. தொண்டர்கள் மூட்டை கட்டினார்கள்.

முதல் முயற்சி தோல்விதான். ஆனால் செரசோல் மனம் தளரவில்லை.

அண்டை வீட்டுக்கு 700 பேர்

1924-ல் சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றைப் பனிச்சரிவு தாக்கியது. செரசோலின் தொண்டர்கள் அங்கே போய் இடிபாடுகளை அகற்றினார்கள்.

இந்த வேலைகளில் அவருக்கு உதவியவர் யார் தெரியுமா? அவருடைய சகோதரர் எர்னெஸ்ட். அவர் சுவிஸ் ராணுவத்தில் கர்னல்! ஒருவர் பட்டாளத்துக்கு வரி கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர். மற்றவர் பட்டாளத்து அதிகாரி. கொள்கை வேறானாலும், இடிந்த வீட்டின் முன்னால் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

1927-ம் ஆண்டு ரைன் நதியில் பெருவெள்ளம் வந்தது. லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் கரை உடைந்தது. விளைநிலத்தின் மேல் கல்லும் மணலும் மூடிக்கொண்டன.

மறு ஆண்டு பல நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்து குவிந்தார்கள். சில மாதங்கள் கல் பொறுக்கி, மணல் அள்ளி, நிலத்தை மீண்டும் உழவுக்குத் தயாராக்கினார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்கையும்தான். சமைக்கவும் துணி துவைக்கவும் பெண் தொண்டர்கள் வந்தார்கள்.

எஸ்ன் கிராமத்தில் சில பேர். இங்கே 700 பேர்!

பீகாரில்

1931-ம் ஆண்டு டிசம்பரில் காந்தி அடிகள் சுவிட்சர்லாந்துக்கு வந்தார். அங்கே செரசோல் அவரைச் சந்தித்தார்.

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பிற்பகல். பீகாரில் பயங்கர பூகம்பம்! 10 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பூமி பிளந்து தண்ணீரும் மணலும் பீறிட்டன. வயல்களை மணல் மூடியது. நிலத்தின் மட்டமே மாறிப்போனதால், வெள்ளம் வராத ஊர்களுக்கும் வெள்ள அபாயம் வந்தது.

பாபு ராஜேந்திர பிரசாத் அப்போது கைதியாக இருந்தார். விடுதலையானதும் நிவாரண வேலையில் இறங்கினார்.

செய்தி ஐரோப்பாவுக்கு எட்டியது. 54 வயது செரசோல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அவருடன் வேலை செய்ய வந்த ஐரோப்பியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

இந்தியாவில் கூலி ஆட்களுக்குப் பஞ்சமா? நாலு வெள்ளைக்காரர்கள் மண் வெட்டி என்ன ஆகப்போகிறது?

வெட்டிய மண்ணை மட்டும் அளந்தால், ஒன்றும் இல்லைதான். ஆனால் அது எந்தக் காலம்? வெள்ளைக்காரர் என்றால் துரை. துரை உத்தரவு போடுவார், மற்றவர்கள் வேலை செய்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஜனாதிபதியின் மகன், குடியானவர்களோடு சேர்ந்து வெயிலில் மண் வெட்டினார்.

வெள்ளைக்கார சர்க்காருக்கும் காங்கிரசுக்கும் அப்போது ஆகாது. செரசோல் இரு தரப்பாரிடமும் போனார். இருவருடைய உதவியையும் கேட்டு வாங்கினார்.

முசாபர்பூர்ப் பகுதியில், வெள்ளம் எட்டாத இடத்தில், வீடிழந்தவர்களுக்காக ஒரு புதுக் கிராமம் எழுந்தது. அதன் பெயர் சாந்திபூர். 1937 வரை அவர் திரும்பத் திரும்ப இந்தியாவுக்கு வந்து இந்தப் பணியைத் தொடர்ந்தார்.

இடையில் 1936-ம் ஆண்டில் அவரும் குவேக்கர் சபையில் சேர்ந்தார்.

கடைசி நாட்கள்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கட்டிய பாலங்கள் எல்லாம் மீண்டும் இடிந்தன.

செரசோல் சும்மா இருக்கவில்லை. ஜெர்மானியரிடம் சமாதானம் பேசவேண்டும் என்று, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி அந்த நாட்டுக்குள் நடந்தார். பிடிபட்டார். முதுமையிலும் சிறைவாசம்!

அவர் உடல் தளர்ந்தது. 1945-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, தமது 66-வது வயதில் காலமானார். ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பட்டாளத்துக்குப் பதிலாக சமூகத் தொண்டு செய்ய அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். சுவிட்சர்லாந்தில் அந்தச் சட்டம் 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் இறந்து 51 ஆண்டுகள் கழித்து!

அவர் தொடங்கிய சர்வதேசத் தொண்டர் அமைப்பு இன்றும் பல நாடுகளில் வேலை செய்கிறது. அதன் சின்னம் உடைந்த வாள். அந்த வாளின் மேல் ஒரு மண்வெட்டி.