மன்னரை எதிர்த்த குமாஸ்தா

பெல்ஜியம் நாட்டில் ஆண்ட்வெர்ப் என்று ஒரு பெரிய துறைமுகம் இருக்கிறது. 1890-ம் ஆண்டுகளின் கடைசியில் ஒரு இளைஞர் அங்கே அடிக்கடி வருவார். கப்பல்களில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் பார்த்துக் குறித்துக் கொள்வார். இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் நகரத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் அவர் குமாஸ்தா. ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் இடையே அந்தக் கம்பெனியின் கப்பல்கள் போய் வந்து கொண்டிருந்தன.

காங்கோவில் இருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் யானைத் தந்தமும் நிரம்பி இருக்கும். கணக்குப் புத்தகத்தில் காட்டியதை விட அதிகமாகவே இறங்கும். அவ்வளவும் நல்ல விலைக்குப் போகிற சரக்கு.

சரி, இதற்கு விலையாகக் காங்கோ மக்களுக்கு என்ன போகிறது? துணி போகவேண்டும். உப்பு, கத்தி, பாத்திரம் போகவேண்டும். வியாபாரம் என்றால் அதுதானே! ஆனால், திரும்பிப் போன கப்பல்களில் அதிகமாக ஏறியவை துப்பாக்கிகளும் தோட்டாப் பெட்டிகளும்தான். கூடவே ராணுவ அதிகாரிகள் போனார்கள். வியாபாரச் சரக்கு மிகக் கொஞ்சம்.

குமாஸ்தா யோசித்தார். காங்கோவில் மக்கள் பணத்தைக் கையாளவே அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். பணமும் போகவில்லை, பண்டமும் போகவில்லை. அப்படியானால் இவ்வளவு ரப்பரையும் காட்டில் இருந்து கொண்டு வருகிறவர்கள் எதற்காகக் கொண்டு வருகிறார்கள்? துப்பாக்கிக்குப் பயந்துதான். வேறு விடை அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் எட்மண்ட் மொரேல். காங்கோ மண்ணை அவர் வாழ்நாளில் மிதித்ததே இல்லை. அங்கே நடந்த படுகொலையை, கப்பல் கணக்கைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

தந்தையை இழந்த பிள்ளை

மொரேல் 1873-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், சர்க்கார் உத்தியோகஸ்தர். தாய் இங்கிலாந்துக்காரி. மகனுக்கு 4 வயதாக இருக்கும்போதே தந்தை இறந்து விட்டார். தாய் மகனை இங்கிலாந்தில் படிக்க வைத்தாள். அவர் படித்த ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் மெட்ராஸ் ஹவுஸ் என்பது நம்மவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

படிப்பு 15 வயதோடு நின்றது. பாரிஸில் ஒரு பாங்கியில் வேலை பார்த்தார். 1891-ல் லிவர்பூலுக்கு வந்து, எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் போதவில்லை. ஆகவே, பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுத்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். 1896-ல் மேரி ரிச்சர்ட்சன் என்ற பெண்ணை மணந்தார். ஆரம்பத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் பெல்ஜியம் மன்னருக்கு ஆதரவாகவே இருந்தன! துறைமுகத்தில் கண்ட காட்சிதான் அவரை மாற்றியது.

மன்னரின் சொந்தச் சொத்து

அந்த மன்னர் 2-வது லியோபோல்ட். அவருடைய பெல்ஜியம் மிகச் சிறிய நாடு. காங்கோவோ அதைப்போல் 76 மடங்கு பெரியது. 1884-85-ல் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசின. அடிமை வியாபாரத்தை ஒழிப்பேன், எல்லா நாட்டாரும் வியாபாரம் செய்ய விடுவேன் என்று லியோபோல்ட் வாக்குக் கொடுத்தார். வல்லரசுகள் நம்பின. காங்கோ அவர் கைக்கு வந்தது. பெல்ஜியம் சர்க்காருக்கு அல்ல, லியோபோல்ட் என்ற தனி மனிதருக்கு! ஒருவர் வீடு வாங்குவதைப் போல அவர் ஒரு தேசத்தையே வாங்கிக் கொண்டார். அவரும் அந்தத் தேசத்துக்குப் போனதில்லை.

1888-ல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயரைக் கண்டுபிடித்தார். சைக்கிளுக்கும் பிறகு மோட்டாருக்கும் ரப்பர் தேவைப்பட்டது. காங்கோ காடுகளில் ரப்பர்க் கொடிகள் ஏராளம். லியோபோல்டுக்குப் பணம் கொட்டியது.

ஒவ்வொரு கிராமமும் இவ்வளவு ரப்பர் தரவேண்டும் என்று உத்தரவு. ஆண்கள் ரப்பரோடு திரும்பி வரும் வரை மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அடைபட்டவர்களில் பலர் பட்டினியால் இறந்தார்கள். ரப்பர் குறைந்தால் கசையடி. எதிர்த்தால் சுட்டுக் கொல்வார்கள்.

சிப்பாய்கள் தோட்டாவை வேட்டையில் வீணாக்கி விடுவார்கள் என்று வெள்ளை அதிகாரிகளுக்குச் சந்தேகம். ஒரு தோட்டா செலவானால் ஒரு ஆளைக் கொன்றதற்கு அத்தாட்சியாக ஒரு வலது கையைக் கொண்டு வா என்றார்கள். குறி தவறிய சிப்பாய்களும், மானைச் சுட்ட சிப்பாய்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டிக் கணக்குக் காட்டினார்கள். குழந்தைகளும் தப்பவில்லை.

மாண்டவர்கள் எத்தனை பேர்? ஜனத்தொகைக் கணக்கு எடுக்காத நாடு அது. கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் 1 கோடிப் பேர் குறைந்து போனார்கள் என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. பாதி ஜனங்கள் போய்விட்டார்கள் என்று 1919-ல் பெல்ஜியம் சர்க்காரின் கமிட்டி ஒன்றே மதிப்பிட்டது.

வேலையை உதறினார்

தான் கண்டதை மொரேல் முதலாளியிடம் சொன்னார். முதலாளி ஆல்பிரட் ஜோன்ஸ், லிவர்பூலில் லியோபோல்டின் பிரதிநிதியாகவும் இருந்தவர்! மொரேலுக்கு வேறு இடத்தில் கூடுதல் சம்பளத்தோடு வேலை தருவதாக ஆசை காட்டினார்கள். மொரேல் மறுத்தார். 1901-ல் வேலையை விட்டு விட்டார். அப்போது அவர் வயது 28. வீட்டில் மனைவியும் சின்னஞ்சிறு குழந்தைகளும். மேரி ஒரு வார்த்தை தடுத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவள் தடுக்கவில்லை.

1903-ல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ஜான் ஹோல்ட் என்ற லிவர்பூல் வியாபாரி பண உதவி செய்தார். காங்கோவில் மற்றவர்கள் வியாபாரம் செய்ய முடியாமல் லியோபோல்ட் கதவை அடைத்ததில் அந்த வியாபாரிகளுக்குக் கோபம். எல்லாமே தர்ம சிந்தனை என்று சொல்லி விட முடியாது.

மொரேலுக்கு முன்பும் குரல் கொடுத்தவர்கள் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நீக்ரோ வகுப்பு அறிஞர் 1890-லேயே காங்கோவுக்குப் போய் எல்லாவற்றையும் கண்டு, லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறு வருஷமே அவர் இறந்து விட்டார். கடிதத்தை உலகம் மறந்தது. பாதிரிமார் சிலரும் எழுதினார்கள். தனித்தனியாக எழுந்த குரல்கள் தனித்தனியாகவே அடங்கின. மொரேல் அவற்றை ஒன்று சேர்த்தார். பாதிரிமார் எழுதிய கடிதங்கள், உள்ளே இருந்தவர்களே ரகசியமாக அனுப்பிய தஸ்தாவேஜுகள் எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. அவர் தேதி, இடம், தொகை என்று விவரமாக வெளியிட்டார். மன்னரின் ஆட்கள் மறுக்க முடியாமல் திணறினார்கள்.

புலியும் புல்டாக்கும்

1903 மே மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபை காங்கோ மக்களுக்காக ஏகமனதாகத் தீர்மானம் செய்தது. காங்கோவில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட், உள்நாட்டுக்குப் போய் விசாரிக்கும்படி உத்தரவு பெற்றார். நதி வழியாக 3 மாதங்களுக்கு மேல் சுற்றினார். கையிழந்தவர்களை நேரில் கண்டு வாக்குமூலம் வாங்கினார்.

அந்த வருஷக் கடைசியில் லண்டனில் அவரும் மொரேலும் முதல்முறையாகச் சந்தித்தார்கள். இரவு முழுவதும் பேசினார்கள். கேஸ்மெண்ட் தாம் கண்டதைச் சொல்லச் சொல்ல, தாம் கணக்குப் போட்டுச் சொன்னது எல்லாம் உண்மை என்று மொரேல் அறிந்தார். அன்று முதல் இருவரும் இணைபிரியாத நண்பர்கள். மொரேல் நண்பரைப் புலி என்று அழைத்தார். பிடித்த பிடியை விடாத மொரேலுக்கு நண்பர் வைத்த பெயர் புல்டாக்.

கேஸ்மெண்டின் அறிக்கையை 1904 பிப்ரவரியில் சர்க்கார் வெளியிட்டது. ஆனால் பெயர்களை எல்லாம் நீக்கி விட்டது! கொன்றவன் பெயரும் இல்லை, கொல்லப்பட்டவன் பெயரும் இல்லை. கேஸ்மெண்ட் கொதித்தார். சர்க்காரை நம்பி இருப்பதில் பயன் இல்லை, மக்களிடம் போகவேண்டும் என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். 1904 மார்ச் மாதம் லிவர்பூலில் காங்கோ சீர்திருத்த சங்கம் தொடங்கியது. கேஸ்மெண்ட் கைப்பணம் 100 பவுன் கொடுத்தார். கூட்டத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் போட்டு வெளிநாட்டு மந்திரிக்கு அனுப்பினார்கள். ஆலிஸ் ஹாரிஸ் என்ற பாதிரியார் மனைவி காங்கோவில் எடுத்த போட்டோக்களை மாஜிக் லாந்தரில் காட்டினார்கள். அதில் ஒரு படம்: நசாலா என்ற தகப்பன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இருக்கிறான். அவன் எதிரே தரையில், தன் சின்னஞ்சிறு மகளின் வெட்டுண்ட கையும் பாதமும். படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் படத்தைப் புரிந்து கொண்டார்கள்.

மொரேல் 1904-ல் அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டைச் சந்தித்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் லியோபோல்டைக் கிண்டல் செய்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலும் 1909-ல் காங்கோ கொடுமை பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

மன்னரின் தந்திரங்கள்

லியோபோல்ட் சும்மா இருப்பாரா? பத்திரிகைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார். அமெரிக்காவில் கோவால்ஸ்கி என்ற வக்கீலைக் கைக்குள் போட்டுக் கொண்டார். அந்த வக்கீலுக்கு, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழும் வியாதி! அவரால் தொல்லைதான் மிச்சம் என்று மன்னர் கைகழுவினார். அவரோ, மன்னருடைய ரகசியக் கடிதங்களை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்து விட்டார். 1906 டிசம்பரில் அவை வெளிவந்ததும் அமெரிக்கா திகைத்தது. அதுவரை நமக்கென்ன என்று இருந்த அமெரிக்க சர்க்கார், பிரிட்டனோடு சேர்ந்து நெருக்க ஆரம்பித்தது.

தன்மேல் குற்றம் இல்லை என்று காட்ட, மன்னரே 3 நீதிபதிகள் கொண்ட விசாரணைக் கமிஷனை அனுப்பி இருந்தார். பாவம், அவர் எண்ணம் பலிக்கவில்லை. நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்த நீதிபதிகள், நடந்தது உண்மை என்றே எழுதினார்கள். அவர்கள் கண்டதைக் கேட்ட காங்கோ கவர்னர் தற்கொலை செய்து கொண்டார்.

கடைசியில் காங்கோவை விட்டுக் கொடுக்க மன்னர் சம்மதித்தார். சும்மா அல்ல. காங்கோவின் கடன் 11 கோடி பிராங்கைப் பெல்ஜியம் ஏற்றது. மன்னருடைய கட்டிட வேலைகளுக்கு 4 கோடியே 55 லட்சம். அவர் பட்ட சிரமத்துக்கு நன்றியாக இன்னும் 5 கோடி! 1908 ஆகஸ்டு மாதம் மன்னரின் ஆட்கள் காங்கோ தஸ்தாவேஜுகளை அடுப்பில் போட்டு எரித்தார்கள். 8 நாட்கள் எரிந்தது. நவம்பர் 15-ந் தேதி காங்கோ பெல்ஜியத்தின் காலனி ஆயிற்று. மறு வருஷ டிசம்பரில் லியோபோல்ட் இறந்தார்.

எதிர்ப்பால் வந்ததா?

மொரேல் திருப்தி அடையவில்லை. எஜமான் மாறினால் போதுமா? நிலமும் அதில் விளைவதும் காங்கோ மக்களுக்கே சொந்தம் என்று ஒப்புக் கொள்ளவேண்டும் என்றார். 1909 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பிரம்மாண்டமான கூட்டம் நடந்தது. காண்டர்பரி ஆர்ச் பிஷப் தலைமை தாங்கினார். புதிய ஆட்சியைப் பிரிட்டன் அங்கீகரிக்கக் கூடாது, சீர்திருத்தம் நடக்கட்டும் பார்க்கலாம் என்பதே அவர்கள் கோரிக்கை. பிரிட்டன் 1913 வரை அங்கீகாரம் கொடுக்கவில்லை. அதற்குள் கட்டாய ரப்பர் முறை படிப்படியாக எடுக்கப்பட்டது. கை வெட்டும் கொடுமை நின்றது. 1913 ஜூனில் சங்கத்தைக் கலைத்தார்கள்.

எந்த வல்லரசும் காங்கோவுக்குப் படை அனுப்பவில்லை. ஒரு தூதரை அனுப்பியதும், அங்கீகாரத்தை நிறுத்தி வைத்ததும்தான் நடந்தது. மக்கள் கூடிக் கத்தாமல் இருந்தால் அதுவும் நடந்திருக்காது.

ஆனாலும் வேறு காரணங்களும் உண்டு. 1910-க்குப் பிறகு மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்களில் ரப்பர் பெருகியது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் வியர்வை சிந்திய தோட்டங்கள்தாம் அவை. காட்டு ரப்பரின் விலை விழுந்தது. மேலும், பெல்ஜியம் சிறிய நாடு. அதை மிரட்டுவது சுலபம். அதே 1904-ல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்கள் ஹெரேரோ மக்களைப் பாலைவனத்தில் விரட்டிக் கொன்றார்கள். அதற்காக லண்டனில் இப்படி ஒரு இயக்கம் எழவில்லை. ஜெர்மனி பெரிய வல்லரசு அல்லவா! காங்கோவிலும் வரி என்ற பெயரில் கட்டாய உழைப்பு பிறகும் நீடித்தது. 1960 ஜூன் 30-ந் தேதிதான் அந்த நாடு சுதந்திரம் பெற்றது.

சிறை வாசம்

முதல் உலகப்போர் வந்தது. மொரேல் போரை எதிர்த்தார். நேற்று வரை புகழ்ந்த பத்திரிகைகள் துரோகி என்று தூற்றின. நடுநிலை நாட்டுக்குத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார் என்று 1917-ல் 6 மாதம் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். பெண்டன்வில் சிறையில் அடைத்தார்கள். அதற்கு முந்திய வருஷம், அயர்லாந்தின் விடுதலைக்குப் போராடிய கேஸ்மெண்டைத் தூக்கில் போட்டதும் அதே சிறையில்தான். சிறையில் மொரேலின் உடம்பு சீர்கெட்டது.

போருக்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம் அவர் பெயருக்குக் களங்கம். ஜெர்மனியில் பிரான்சு நிறுத்திய ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி, கறுப்பர்களை மிருகங்களைப் போல் காட்டிப் பிரசாரம் செய்தார். ஆப்பிரிக்கர்களின் கைகளுக்காக அழுதவரா இப்படி எழுதினார் என்று படிக்கிறவர்களுக்கு மனம் வலிக்கும்.

1922-ல் டண்டி தொகுதியில் தொழில் கட்சி சார்பில் பார்லிமெண்டுக்கு நின்றார். அங்கே தோற்றவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில்! 1924-ல் தொழில் கட்சி மந்திரிசபை அமைந்தது. வெளிநாட்டு மந்திரி பதவி தமக்கு வரும் என்று மொரேல் எதிர்பார்த்தார். பிரதமர் மக்டொனால்டு அதைத் தாமே வைத்துக் கொண்டார்.

அதே வருஷம் நவம்பர் 12-ந் தேதி, டெவன் மாவட்டத்தில் காட்டுப் பக்கம் உலாவப் போனார். களைப்பாக இருந்ததால் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை. வயது 51.