ஆர்கான் வெல்டிங் தெரியும்... ஆர்கானைக் கண்டுபிடித்தவரைத் தெரியுமா? யார் இந்த வில்லியம் ராம்சே?

டிக் வெல்டிங் என்பது மெஷினில் எழுதியிருக்கும் பெயர். கீழ்க்கட்டளை, பல்லாவரம் பக்கம் எவர்சில்வர் கேட், மாடிப்படி கைப்பிடி செய்யும் பட்டறைகளில் கேட்டால் அதற்கு ஆர்கான் வெல்டிங் என்றுதான் பெயர். சிலிண்டரில் இருக்கும் அந்த கேஸின் பெயரே தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த கேஸை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் சர் வில்லியம் ராம்சே. அவர் காலத்தில் டிக் டார்ச்சே கிடையாது. ஆனாலும், புதுசா டார்ச் பிடிக்கும் ஒருவரின் வெல்டு ஏன் கறுக்கிறது, ஏன் பொத்தல் விழுகிறது என்பதற்கான விடை இவர் செய்த வேலையில்தான் இருக்கிறது.

கைவேலை தெரிந்த விஞ்ஞானி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1852 அக்டோபர் 2ஆம் தேதி பிறந்தவர் ராம்சே. அப்பா சிவில் இன்ஜினியர். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் 1872இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1880இல் பிரிஸ்டலில் பேராசிரியர், 1887இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர்.

இதையெல்லாம்விட கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராம்சே கண்ணாடி ஊதுவதில் கைதேர்ந்தவர். ஆய்வுக்குத் தேவையான குழாய், குடுவைகளைத் தீயில் காட்டி, உருக்கி, தானே ஒட்டிச் செய்வார். ஒரு இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து மொத்த ஆய்வும் வீணாகிவிடும். டிக் வெல்டருக்கு இருக்கும் அதே கவலை!

அந்த அரை சதவீத வித்தியாசம்

1892இல் லார்டு ரேலி என்ற இயற்பியலாளர் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொண்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் ஒரு லிட்டர் சுமார் 1.257 கிராம் எடை. வேதிப்பொருட்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனோ சுமார் 1.251 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். அளவெடுத்ததில் ஏதோ பிசகு என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். ரேலி விடவில்லை, ராம்சேயும் விடவில்லை.

ராம்சே என்ன செய்தார்? மெக்னீசியத்தை நன்றாகச் சூடாக்கி, அதன் மேல் காற்றின் நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சூடான மெக்னீசியம் நைட்ரஜனை விழுங்கிவிடும். எத்தனை முறை செலுத்தினாலும் கொஞ்சம் கேஸ் மட்டும் எதிலும் சேராமல் மிஞ்சியது. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் இருவரும் அதை அறிவித்தார்கள். பெயர் ஆர்கான். கிரேக்கத்தில் வேலை செய்யாதது, நம்மூர் வழக்கில் சொன்னால் சோம்பேறி!

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் 9 மில்லிக்கும் கொஞ்சம் அதிகமாக ஆர்கான் இருக்கிறது. ஆனாலும் பலர் உடனே நம்பவில்லை. தனிம அட்டவணை தந்த மெண்டலீவே அது மூன்று அணு கொண்ட நைட்ரஜனாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். எதையும் விட்டுவைக்காத ஃப்ளோரினோடு சேர்த்தும் பார்த்தார்கள். ஆர்கான் அசையவே இல்லை.

அந்த சோம்பேறித்தனம்தான் இன்று காசு

வெல்டிங்கில் உருகிய இரும்பு ராம்சேயின் சூடான மெக்னீசியம் மாதிரிதான். பக்கத்தில் இருக்கும் காற்றை விடாது. ஆக்ஸிஜன் சேர்ந்தால் எவர்சில்வர் கறுத்துப் பொரிகிறது. வேண்டாத கேஸ் உள்ளே மாட்டினால் பொத்தல். இந்தக் காற்றைத் தள்ளி நிறுத்துவது மட்டுமே ஆர்கானின் வேலை. காற்றைவிட சுமார் 1.4 மடங்கு கனமானது என்பதால் வெல்டு மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும்.

அதனால்தான் புதிதாகப் பழகுபவர் கை சரியில்லை என்று நொந்துகொள்ளும் முன் கேஸைப் பார்க்க வேண்டும். சாதாரண வேலைக்கு நிமிடத்துக்கு 7 முதல் 12 லிட்டர் போதும். அதிகம் திறந்தால் நல்லது என்று நினைப்பது தப்பு. வேகமாகப் பாயும் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் இழுத்து வந்துவிடும். சென்னை வெயிலில் பட்டறை ஃபேனை நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் அதன் காற்று நேராக டார்ச் மேல் அடித்தால் எந்தக் கைத்திறமையும் உதவாது. அதேநேரம், மூடிய அறையில் ஆர்கான் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்ஸிஜன் இருக்காது. ஃபேனைத் திருப்பி வையுங்கள், ஜன்னலை மூடாதீர்கள்.

அடுத்தது சுத்தம். எண்ணெய், துரு, பெயின்ட் எதுவும் ஆர்கானுக்குக் கட்டுப்படாது. எவர்சில்வருக்கென்று தனி பிரஷ் வேண்டும், இரும்பில் தேய்த்த பிரஷ் ஆகாது. டங்ஸ்டன் முனை உருகிய குட்டையில் தொட்டுவிட்டால் அப்படியே ஓட்டக்கூடாது. நிறுத்தி, மறுபடி நீளவாக்கில் தீட்ட வேண்டும். ஃபில்லர் கம்பியின் சூடான நுனியை ஒவ்வொரு சொட்டுக்கும் வெளியே இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெளியே வந்த நுனி காற்றில் கறுத்து, அந்தக் கறுப்போடு வெல்டுக்குள் போகிறது. நுனி கேஸுக்குள்ளேயே இருக்கட்டும்.

சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஹீலியம் கதை

1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை, பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து ஆராய்ந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற பெயருக்கே காரணம். ஆனால் பூமியில் அது யாருக்கும் கிடைக்கவில்லை. 1895இல் யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து அதைப் பிரித்தவரும் ராம்சேதான். 1898இல் மோரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் சில வாரங்களிலேயே கண்டுபிடித்தார்.

1900இல் ராம்சே இந்தியாவுக்கே வந்தார். ஜாம்செட்ஜி டாடா கனவு கண்ட ஆராய்ச்சி நிறுவனத்தை எங்கே அமைக்கலாம் என்று ஊர் ஊராகப் பார்த்து, பெங்களூரைச் சொன்னார். அதுதான் இன்றைய இந்திய அறிவியல் கழகம். அதன் முதல் இயக்குநர் அதே டிராவர்ஸ்.

1904இல் வேதியியல் நோபல் ராம்சேக்கும், இயற்பியல் நோபல் ரேலிக்கும் கிடைத்தது. பிற்காலத்தில் சறுக்கலும் உண்டு. கதிரியக்கத்தால் செம்பை வேறு தனிமமாக மாற்றியதாக அவர் சொன்னதை மற்றவர்கள் சோதித்தபோது நிற்கவில்லை. மூக்கில் வந்த புற்றுநோயால் 1916 ஜூலை 23ஆம் தேதி, 63 வயதில் இறந்தார்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1940களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் டிக் வெல்டிங்கை வேலைக்குக் கொண்டுவந்தார். எதை ஒட்டுவதற்குத் தெரியுமா? ராம்சே நைட்ரஜனைப் பிடிக்கப் பயன்படுத்திய அதே மெக்னீசியம். முதலில் பயன்பட்ட கேஸ் ஹீலியம். பின்னர் பெரும்பாலான வேலைக்கு ஆர்கானே போதும் என்றானது.

இன்று பழகுபவருக்கு கேஸ் சரியாக வேலை செய்ததா என்று சொல்ல வெல்டின் நிறமே போதும். எவர்சில்வரில் வைக்கோல் மஞ்சள் வந்தால் நன்று. நீலம் என்றால் சூடு கொஞ்சம் கூடிவிட்டது. சாம்பல், கறுப்பு என்றால் காற்று புகுந்திருக்கிறது. ஆர்க் அணைந்ததும் டார்ச்சைத் தூக்கிவிடாமல், 100 ஆம்பியருக்குச் சுமார் 10 விநாடி கேஸ் ஓடி முடியும்வரை அங்கேயே பிடித்திருந்தால், கடைசி முனையும் டங்ஸ்டனும் கறுக்காது.