மீனுக்கு ஐஸ், ஒயினுக்கு சூடு: லூயி பாஸ்டரும் அவர் ஊர் சிவப்பு ஒயினும்

காசிமேட்டில் விடியற்காலை மீன் வாங்கப் போறவங்க முதலில் பார்ப்பது செவுளைத்தான். சிவப்பா இருந்தா புது மீன். வெளுத்திருந்தா விலைகூட கேட்க மாட்டாங்க. அங்கே ஓடும் ஐஸ் வண்டிகள் எல்லாம் அந்தச் சிவப்பை இன்னும் சில மணி நேரம் காப்பாற்றத்தான். 160 வருடங்களுக்கு முன்பு பிரான்சுக்கு இதே தலைவலி ஒயினில் இருந்தது. அதைத் தீர்த்தவரின் பெயர்தான் இன்று ஆவின் பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யார் இந்த லூயி பாஸ்டர்?

1822 டிசம்பர் 27-ல், கிழக்கு பிரான்சின் ஜூரா பகுதியில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி, நெப்போலியன் படையில் இருந்தவர். பாஸ்டர் வளர்ந்ததெல்லாம் பக்கத்து ஊரான ஆர்புவாவில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். படிப்பில் சுமார், படம் வரைவதில் கெட்டி. 15 வயதில் பாரிசுக்குப் படிக்க அனுப்பினால், வீட்டு ஞாபகம் தாங்காமல் வாடிப்போனார். அப்பாவே போய் கூட்டிவந்தார்.

பிறகு மறுபடி பாரிஸ் போய் வேதியியல் படித்தார். 1848-ல் அவர் செய்த முதல் பெரிய கண்டுபிடிப்பும் ஒயினோடு தொடர்புடையதுதான். ஒயின் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் படிகங்களை ஆராய்ந்து, ஒரே பொருள் இடது கை, வலது கை மாதிரி இரண்டு வடிவங்களில் இருக்க முடியும் என்று காட்டினார்.

ஒயினுக்கு என்ன ஆச்சு?

1860-ல் இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டு ஏற்றுமதியைப் பெருக்க நினைத்தது பிரான்ஸ். ஆனால் சரக்கு வழியிலேயே புளித்தது, கசந்தது, சிலது எண்ணெய் மாதிரி வழவழத்தது. 1863-ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன், இதைப் பாருங்கள் என்று பாஸ்டரிடம் ஒப்படைத்தார். அவர் நேராகச் சொந்த ஊர் ஆர்புவாவுக்குப் போய், தற்காலிக ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு கெடுதலுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் காரணம் என்று மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது. காற்று புகாமல் 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் அவை செத்துவிடும். 1865-ல் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

அந்த வருடங்களில் வீட்டில் நடந்தது வேறு. 1865-ல் அப்பா போனார், இரண்டு வயது மகள் கமில் போனாள். 1866-ல் 12 வயது செசில் டைபாய்டில் இறந்தாள். 1859-ல் மூத்த மகளும் அதே டைபாய்டில்தான் இறந்திருந்தாள். ஒயின் பற்றிய அவருடைய புத்தகம் வெளியானதும் அதே 1866-ல்.

சூடாக்கினால் ருசி போயிடும் என்று வியாபாரிகள் நம்பவில்லை. சுவை பார்க்க வந்த நிபுணர்களுக்கு, பாஸ்டர் சொல்லாமல் ஒரே ஒயினை இரண்டு கோப்பையில் கொடுத்தார். அதிலும் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள்! உண்மையான சோதனை கடலில் நடந்தது. 'ழான் பார்' என்ற கப்பலில் 500 லிட்டர் ஒயின் ஏற்றினார்கள், பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது. 10 மாதம் கழித்துத் திரும்பியபோது முதல் பாதி தெளிவாக இருந்தது, மற்றது புளிக்க ஆரம்பித்திருந்தது. பாலுக்கு இந்த முறையைக் கொண்டுபோனவர்கள் பின்னால் வந்த மற்றவர்கள்.

1868-ல், 45 வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகுதான் 1874-ல் ஆர்புவா பக்கத்தில் சொந்தத் திராட்சைத் தோட்டம் வாங்கினார். 1885-ல் வெறிநாய்க்கடி தடுப்பூசியைச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் போட்டார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அதன் நீட்சி. 1895 செப்டம்பர் 28-ல் அவர் இறந்தார்.

இன்றைய ஆர்புவா ஒயின் எப்படி?

இதுதான் வேடிக்கை. பாஸ்டர் ஊரின் நல்ல சிவப்பு ஒயினை இன்று பொதுவாக யாரும் பாஸ்சரைஸ் செய்வதில்லை. சுத்தமான தொட்டி, குளிர்ச்சி, கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு போதும். புல்சார் என்ற திராட்சையில் செய்த சிவப்பு, ரோஸ் மில்க்கை விடக் கொஞ்சம்தான் அடர்த்தியான நிறத்தில் இருக்கும். த்ரூசோ திராட்சை இன்னும் கொஞ்சம் அழுத்தம். அந்த ஊரில் புகை போட்ட மோர்த்தோ சாசேஜ், கோன்தே சீஸ் கூட, லேசாகக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள்.

மீனோடு சிவப்பு ஒயின் சேராது என்பது பாதி உண்மைதான். துவர்ப்பு அதிகமான ஒயின் மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை வரும். புல்சாரில் துவர்ப்பு குறைவு என்பதால், குடிக்கிறவர்கள் தணலில் சுட்ட சூரை மீனோடும், காரம் குறைத்த சுறா புட்டோடும் முயற்சி செய்யலாம். (மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் மாற்றமில்லை.) காசிமேட்டு மீன் குழம்போடு மட்டும் வேண்டாம். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும், ஒயினும் தெரியாது, குழம்பும் தெரியாது.